பொது என்றால் யாருக்குப் பொது?

கோல்ப் என்பது பணக்காரர் ஆட்டம் என்பதாக எங்கும் சொல்லப்படுகிறது. அதில் உண்மையுண்டு. ஒரு சிறு பந்தைக் கோலால் அடித்து, தூரத்திலுள்ள குழியில் குறைந்த அடிகளில் விழச் செய்வதுதான் ஆட்டம். ஆனால் 18 குழிகள் வைக்க 100 ஏக்கருக்கு மேல் நிலம் வேண்டும். புல்லுக்குத் தண்ணீர் வேண்டும். புல் வெட்ட ஆள் வேண்டும். இச்செலவைச் சாதாரண மனிதன் தாங்க முடியாதாகையால், அமெரிக்காவில் பல முனிசிபாலிட்டிகள் தாமே மைதானம் அமைத்து, சொற்பக் கட்டணத்தில் ஜனங்களை ஆடவிடுகின்றன. இது நல்ல ஏற்பாடு என்றே சொல்லுவோம்.

நிற்க, இப்படிப்பட்ட மைதானத்தை மதிப்பிடப் புறப்படுகிறவர்கள் எதைப் பார்க்கிறார்கள்? கட்டணம் எவ்வளவு, புல் பசுமையாயிருக்கிறதா, குழியைச் சுற்றித் தரை சமமா, எவ்வளவு நேரம் காத்திருக்கவேண்டும் என்பவைகளைத்தான். இவை பார்க்கவேண்டியவைகளே. ஆனால் இவை எல்லாவற்றிற்கும் முன்னால் கேட்கவேண்டிய கேள்வி, வாசலில் யாரை உள்ளே விடுகிறார்கள் என்பதல்லவா?

வட கரோலினா மாகாணத்தில் கிரீன்ஸ்பரோ என்றொரு பட்டணம். அங்கே 1941-ல் கில்லெஸ்பி பார்க் என்ற கோல்ப் மைதானம் திறக்கப்பட்டது. நிலம் பொதுநிலம், பணம் பொதுப்பணம், வரி கொடுத்தவர்களில் கறுப்பு மக்களும் உண்டு. ஆனால் ஆட்டம் மட்டும் வெள்ளைக்காரருக்கு! கறுப்பு மக்கள் கேள்வி கேட்கத் தொடங்கியதும், 1949-ல் அம்மைதானம் ஒரு சங்கத்திற்குக் குத்தகைக்கு விடப்பட்டது. குத்தகைத் தொகை வருஷத்திற்கு 1 டாலர்! "இது இப்பொழுது தனியார் சங்கம், அங்கத்தினருக்கும் அவர்களுடைய விருந்தாளிகளுக்கும் மட்டுமே இடம்" என்று சொல்லிவிடலாமல்லவா? வெள்ளைக்காரர் அங்கத்தினராயில்லாவிட்டாலும் கட்டணம் கொடுத்து ஆடிக்கொண்டுதானிருந்தார்கள். கறுப்பு மக்களுக்கென்று வேறொரு மைதானம் கொடுக்கப்பட்டது. அது சாக்கடை நீரைச் சுத்தம் செய்யும் ஆலைக்குப் பக்கத்திலிருந்தது.

1955 டிசம்பர் 7-ந் தேதி ஜார்ஜ் சிம்கின்ஸ் என்ற பல் வைத்தியரும் அவருடைய தோழர்கள் ஐவரும் கில்லெஸ்பிக்குப் போனார்கள். ஆளுக்கு 75 சென்ட் கட்டணத்தை மேஜைமேல் வைத்தார்கள். இடமில்லை என்று சொல்லப்பட்டது. பணத்தை வைத்துவிட்டு ஆடப் போனார்கள். அவ்வளவுதான் குற்றம். அத்துமீறிப் பிரவேசித்ததாக வழக்குப் போட்டு, சிறைத்தண்டனையும் விதித்தார்கள். வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போய், 1960-ல் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் தண்டனை உறுதியாயிற்று. கவர்னர் தண்டனையைக் குறைத்ததால் சிறை செல்ல நேரவில்லை.

இதற்கிடையில் 1957-ல் மத்திய சர்க்கார் நீதிமன்றமொன்று, குத்தகைக்கு விட்டதனால் மட்டும் பொது மைதானம் தனிச் சொத்தாகிவிடாதென்று தீர்ப்புச் சொல்லிற்று. உத்தரவு அமுலுக்கு வருமுன் மைதானத்துக் கட்டடம் தீப்பற்றி எரிந்தது. நகரசபை என்ன செய்தது? மைதானத்தையே மூடிவிட்டது! மறுபடியும் திறந்தது 1962-ல்தான். அதுவும் 9 குழிகளோடு. அன்று முதற் பந்தை அடித்தவர் சிம்கின்ஸ்.

தோழர்களே! இதில் கவனிக்கவேண்டியது என்ன? 75 சென்ட் என்பது மிக மலிவு. மலிவு கறுப்பு மனிதனுக்கு என்ன பிரயோஜனத்தைக் கொடுத்தது? வாசல் திறக்காத இடத்தில் கட்டணம் காலணாவானாலென்ன, இனாமானாலென்ன? "உங்களுக்குத்தான் தனி இடம் கொடுத்திருக்கிறோமே" என்ற பேச்சு நம் வாசகர்களுக்குப் புதிதல்ல. தனி இடம் கொடுக்கிறவன் எந்த இடத்தைக் கொடுப்பான் என்பதற்குச் சாக்கடை ஆலையே சாட்சி. மற்றவனோடு சேர்ந்து ஆடுவதைவிடத் தானும் ஆடாமலிருப்பதே மேல் என்று மைதானத்தை மூடிய புத்தியை என்னவென்று சொல்லுவது? இந்தக் கர்வத்திற்காக வெள்ளைக்காரப் பிள்ளைகளும் ஐந்து வருஷகாலம் மைதானத்தை இழந்தார்கள்.

இன்று அந்நாட்டில் நிறத்தைச் சொல்லித் தடுக்கச் சட்டம் இடங்கொடாது. ஆயினும் பொது மைதானத்தைத் தனியாரிடம் குத்தகைக்கு விடுவது இன்றும் உண்டு. குத்தகை எல்லாமே மோசடி என்று நாம் சொல்லவில்லை. ஆனால் மதிப்பிடுகிறவர் யாராயிருந்தாலும் இவைகளைக் கேட்கட்டும்: குத்தகை யார் கையில்? தொகை என்ன? அந்தப் புல்லை வெட்டுகிற கூலிக்காரன் தன் லீவு நாளில் அதே புல்லில் நின்று ஆட முடியுமா? முடியும் என்று பதில் வந்தால், புல் சற்றுக் காய்ந்திருந்தாலும் அது நல்ல மைதானம். முடியாதென்றால், பட்டுப்போல் புல்லிருந்தாலும் அதற்குப் பொது என்ற பெயருக்கு யோக்கியதை இல்லை என்பதே நமது அபிப்பிராயம்.