மரத்தூள் சொல்லும் சாட்சி



2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது தஞ்சை, திருவாரூர், நாகை, புதுக்கோட்டைப் பகுதிகளில் தென்னைகள் இலட்சக்கணக்கில் சாய்ந்தன. அவற்றை அறுத்து அகற்றப் பெட்ரோலில் ஓடும் சங்கிலி ரம்பங்கள் பெரிதும் உதவின. இன்று தோப்பு உள்ள வீடுகள் சிலவற்றில் விலை குறைந்த ரம்பம் ஒன்று இருக்கிறது. கூடவே ஒரு புலம்பலும் இருக்கிறது: "மலிவு மெஷின் சார், ஒரு வருஷம்கூட உழைக்கவில்லை!"

இதை நான் அப்படியே ஏற்பதில்லை. என்னிடம் கொண்டுவந்து காட்டியவற்றில் பெரும்பாலும் எஞ்சின் நன்றாகவே இருந்தது. சங்கிலியின் பற்கள்தாம் மழுங்கிக் கிடந்தன. அரிவாளைத் தீட்டாமல் தோப்புக்குப் போகாத நாம், மெஷின் என்றதும் அதற்கும் கூர் வேண்டும் என்பதை மறந்துவிடுகிறோம். கடலோர மணலில் ஓடும் பல் ஒரு விநாடி பட்டாலே போதும், கூர் போய்விடும்.

ஒரு சிறு கணக்குப் போடுங்கள். எஞ்சின் நிமிடத்திற்கு 10,000 முறை சுழல்கிறது. ஒரு சுற்றுக்குச் சங்கிலி 11.5 செ.மீ. நகர்கிறது என்று கொள்வோம். விநாடிக்கு ஏறக்குறைய 19 மீட்டர். அதாவது மணிக்கு 69 கி.மீ.! இந்த வேகத்தில் அது இரும்புத் தகட்டின் விளிம்பில் உரசிக்கொண்டே ஓடுகிறது. நடுவே இருப்பது மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டுமே. ஆகவே பெட்ரோல் நிரப்பும் ஒவ்வொரு முறையும் சங்கிலி எண்ணெயையும் நிரப்ப வேண்டும். காசு மிச்சம் என்று பழைய எஞ்சின் ஆயிலை ஊற்றுகிறார்கள். அதிலுள்ள உலோகத் துகள்கள் உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும்.

கூரான பல் மரத்தைச் சீவுகிறது. தரையில் சிறு சிறு சீவல்கள் விழும். மழுங்கிய பல் சுரண்டுகிறது. மாவு போன்ற தூள் விழும். எஞ்சினின் ஆற்றல் வெப்பமாகிறது, சங்கிலி சூடேறி நீண்டு தளர்கிறது. ஆள் பொறுமையிழந்து ரம்பத்தை அழுத்துகிறார். விபத்துக்கு அதுவே வழி. தளர்ந்ததே என்று சூட்டோடு இறுக்கினால், குளிரும்போது சங்கிலி சுருங்கித் தகட்டை நெரிக்கும். இறுக்குவது ஆறிய பிறகே. கையேட்டில் சொன்ன அளவுள்ள உருண்டை அரத்தால், ஒரே சாய்வில், எல்லாப் பற்களுக்கும் ஒரே எண்ணிக்கையில் மூன்று நான்கு தடவை அராவினால் கூர் திரும்பிவிடும்.

எஞ்சின் விஷயம் சுருக்கமானது. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டனுக்கு உயவு தருவது பெட்ரோலோடு கலக்கும் எண்ணெயே. கையேடு 50:1 என்றால் லிட்டருக்கு 20 மி.லி.; 25:1 என்றால் 40. பாட்டில் மூடியால் குத்துமதிப்பாக ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அளவுஜாடி பிடிக்கக் கற்ற நீங்கள் இங்கே உதவலாமே! இன்றைய பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் உண்டு. அது ஈரத்தை இழுக்கும். மழைக்காலம் முழுதும் டாங்கில் தேங்கினால் நீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கிவிடும். பிறகு ஸ்டார்ட் ஆகவில்லை என்று மெஷினைத் திட்டுவானேன்?

அறுக்கும் வேலை பெரியவர்களுடையது. நீங்கள் ரம்பத்தை எடுக்க வேண்டாம். ஆனால் அடுத்த முறை உங்கள் தோப்பில் மரம் அறுக்கும்போது தள்ளி நில்லுங்கள். எஞ்சின் நின்றபின் தரையில் கிடப்பதை ஒரு பிடி அள்ளிப் பாருங்கள். மாவாக இருந்தால் அப்பாவிடம் அரத்தை எடுத்துக் கொடுங்கள். பிளக் ஒயரைக் கழற்றிவிட்டுத்தான் பல்லைத் தொட வேண்டும் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.