மெக்ஸிகோவில் மொய்

நம்மிடம் முன்பு படித்த வாலிபர்கள் சிலர், அந்த உரிமையோடு வந்து, "ஸ்பானிஷ் பாஷை படிக்க எந்த ஊருக்குப் போகலாம்?" என்று யோசனை கேட்பதுண்டு. ஸ்பெயின் தேசத்தில் ஸாலமாங்கா என்ற நகரில் 1218-ஆம் வருஷம் தோன்றிய சர்வகலாசாலை இருக்கிறது. இலக்கண சுத்தமாகக் கற்க அதைவிட உத்தமமான இடம் கிடையாது என்று சொல்கிறவர்கள் பலர். நாம் அதை மறுக்கப் போவதில்லை. ஆயினும் நமது யோசனை வேறு. மெக்ஸிகோ தேசத்தின் தென்பாகத்தில், கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,550 மீட்டர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் ஓவஹாகா என்றொரு நகரம் இருக்கிறது. நம் ஆடி மாதம் பிறக்கும் சமயத்தில் அங்கே போய்ச் சேருங்கள் என்போம்.

ஊரின் பெயரிலேயே பாடம் தொடங்கிவிடுகிறது. எழுதும்போது நடுவில் 'எக்ஸ்' எழுத்து வரும். சொல்லும்போது அது ஹகரமாக ஒலிக்கும். மெக்ஸிகோ என்று நாம் சொல்வதை அத்தேசத்தார் 'மெஹிகோ' என்பதும் இந்த விதிப்படிதான். பெயரோ ஸ்பானிஷ் அல்ல. அஸ்தெக் மக்களின் நாஹுவாத் பாஷைச் சொல்லொன்று ஸ்பானியர் வாயில் அகப்பட்டு உருமாறியது. நம் பக்கத்தில் ஆட்டுத் தீவனத்துக்காக வளர்க்கிறோமே சூபாபுல், அந்த இனத்து மரம் ஒன்றின் பெயர் அதற்குள் அடங்கியிருக்கிறது.

உச்சரிப்பைப் பற்றித் தமிழர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. 'பெரோ' என்றால் 'ஆனால்'. 'பெறோ' என்றால் நாய். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாமல் ஆங்கிலம் பேசுகிறவர்கள் நாக்கைச் சுழற்றித் தவிக்கும்போது, ரகர றகர பேதம் கற்றவர்கள் நிம்மதியாக உட்கார்ந்திருக்கலாம். நமது ஞகரமும் அப்படியே அங்கே இருக்கிறது.

பாஷைப் பள்ளிக்கூடங்கள் அந்நகரில் பல உண்டு. காலையில் வினைச்சொற்களின் விகாரங்கள். பிற்பகலில் சமையலோ, நெசவோ, நடனமோ. தங்குவதற்கு ஊர்க் குடும்பம் ஒன்றின் வீடு. நாற்பது வயதுக்கு மேல் மறுபடியும் பெஞ்சியில் உட்கார்ந்து வினைமுற்றுக்களை ஒப்பிப்பது நமக்கு வேடிக்கையாகவே இருந்தது. ஆனால் புத்தகத்தில் காணாத சொற்கள் சந்தையில் காத்திருந்தன. காய்கறி விற்கிறவள் வாங்க வந்தவரை 'மார்ச்சாந்தே' என்று அழைக்கிறாள். வாங்குகிறவரும் அவளை 'மார்ச்சாந்தா' என்றே அழைக்கிறார். நம் சந்தையில் இரு தரப்பும் ஒருவரையொருவர் 'அக்கா' என்று சொல்லிக்கொண்டு பேரம் பேசுவதில்லையா? அப்படித்தான். போஜன சாலையில் முன்பின் தெரியாதவர் உண்டுகொண்டிருந்தாலும், கடந்து போகிறவர் 'புரோவேச்சோ' என்று சொல்லிவிட்டுத்தான் போவார். உண்டது உடம்புக்கு நன்மை செய்யட்டும் என்பது கருத்து. யாராவது கூப்பிட்டால் 'என்ன?' என்று கேளாமல் 'மாந்தே' என்பார்கள். 'கட்டளையிடுங்கள்' என்று பொருள். நம் முன்னோர் 'உத்தரவு' என்று கைகட்டி நின்ற வழக்கம் நினைவுக்கு வருகிறது. இது அடிமைக் காலத்து எச்சம் என்று வெறுக்கும் மெக்ஸிகர்களும் உண்டு. வெறும் மரியாதை என்று விடுகிறவர்களும் உண்டு. நமக்கு முதல் கட்சியின் பக்கம் சற்றுச் சாய்வு.

இனி விழாவுக்கு வருவோம். அதன் பெயர் 'கெலகெட்ஸா'. இதுவும் ஸ்பானிஷ் அல்ல. ஸப்போத்தெக் பாஷைச் சொல். ஓவஹாகா மாகாணத்தில் 16 ஆதிகுடி இனங்கள் வாழ்கின்றன. அவற்றில் ஸப்போத்தெக்கரும் மிஸ்தெக்கரும் பெருந்தொகையினர். கெலகெட்ஸா என்ற சொல்லுக்குத் திருவிழா என்பது மூலப் பொருளல்ல. ஒரு வீட்டில் கல்யாணம் வந்தால் உற்றாரும் அயலாரும் வான்கோழி, மக்காச்சோளம், கொக்கோ, மெஸ்கால் என்னும் மது முதலியவற்றைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். யார் கொடுத்தார், என்ன, எவ்வளவு என்பதெல்லாம் நோட்டுப் புத்தகத்தில் ஏறிவிடும். கொடுத்தவர் வீட்டில் விசேஷம் வரும்போது அதே பொருள் அதே அளவில் திரும்பிப் போயாக வேண்டும். நகருக்குக் கிழக்கே தெயோத்தித்லான் என்ற நெசவாளர் கிராமம் இருக்கிறது. அங்கே பிள்ளையின் கல்யாணத்துக்குப் பல வருஷங்கள் முன்பிருந்தே பிறர் வீடுகளில் வான்கோழிகளைக் கொடுத்து வைக்கும் குடும்பங்கள் உண்டு. வகுப்பில் உபாத்தியாயினி இந்த வழக்கத்தை வெளிநாட்டாருக்கு விளக்க அரைமணி நேரம் பாடுபட்டார். நமக்கு ஒரே சொல்லில் விளங்கிவிட்டது: மொய்! புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஜில்லாக்களில் ஆடி ஆவணியில் இலை போட்டு மொய் விருந்து நடத்துகிறவர்களை அங்கே அழைத்துப்போனால், மறுநாளே கணக்குப்பிள்ளை வேலை பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

இந்தச் சொல் பெருவிழாவுக்குப் பெயரான கதை தனி. ஜூலை மாதம் கார்மேல் மாதாவின் திருநாளை ஒட்டி ஊரார் குன்றின் மேல் ஏறிப் பொழுதுபோக்குவது பழைய வழக்கம். இன்றும் அவ்விழாவுக்குக் 'குன்றின் திங்கட்கிழமை' என்ற பெயர் உண்டு. ஓவஹாகா நகர அந்தஸ்துப் பெற்றது 1532-ல். நானூறாம் ஆண்டு நிறைவை 1932-ல் கொண்டாடியபோது, மாகாணத்தின் பல பிரதேசத்தாரும் தங்கள் உடையோடும் ஆட்டத்தோடும் காணிக்கையோடும் வந்து கூடினார்கள். இன்றைய விழாவின் உருவம் அதிலிருந்து வளர்ந்தது. 1974-ல் குன்றின் மேல் சுமார் 11,000 பேர் அமரத்தக்க திறந்தவெளி அரங்கம் கட்டினார்கள். ஒவ்வொரு குழுவும் ஆடி முடித்ததும் தங்கள் ஊர் விளைபொருளைச் சபையோரை நோக்கி எறியும். ரொட்டி, ஓலைத் தொப்பி, பழம் எல்லாம் வானத்திலிருந்து வரும். துஸ்தெபெக் பிரதேசத்துப் பெண்கள் தோளில் அன்னாசிப்பழம் தாங்கி ஆடும் ஆட்டத்துக்குத்தான் கரகோஷம் மிகுதி. அது புராதன நடனம் என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் 1958-ல் ஓர் உபாத்தியாயினி அமைத்தது அது. உபாத்தியாயர் ஜாதியைச் சேர்ந்த நமக்கு இதில் கொஞ்சம் கர்வம்.

விழா ஜூலை 16-ஆம் தேதிக்குப் பின் வரும் இரண்டு திங்கட்கிழமைகளில் நடக்கும். 18-ஆம் தேதி திங்கட்கிழமையாக அமைந்தால் மட்டும் ஒரு வாரம் தள்ளிப் போடுவார்கள். 1872-ல் அந்தத் தேதியில்தான் பெனித்தோ ஹுவாரெஸ் மறைந்தார். ஸ்பானிஷ் படிக்க ஓவஹாகா வந்தவர்களில் தலையாய மாணாக்கர் இவரே என்று சொல்ல வேண்டும். கெலத்தாவ் என்ற மலைக்கிராமத்தில் 1806-ல் ஸப்போத்தெக் குடும்பத்தில் பிறந்து, மூன்று வயதில் தாய் தந்தையரை இழந்து, சிற்றப்பனின் ஆடுகளை மேய்த்த சிறுவன். ஸ்பானிஷ் தெரியாது, தெரியாமல் முன்னேற வழியில்லை என்பது மட்டும் தெரியும். சிற்றப்பனிடம் பாடம் கேட்கும்போது, ஒப்பிக்கத் தவறினால் அடிப்பதற்குச் சாட்டையைத் தானே கொண்டுபோய்க் கொடுப்பானாம். பன்னிரண்டாம் வயதில் சுமார் 60 கிலோமீட்டர் நடந்து நகரத்துக்கு வந்து சேர்ந்தான். 1858 முதல் சாகும்வரை அவர் மெக்ஸிகோவின் ஜனாதிபதி. நகரத்தின் முழுப் பெயர் இன்று 'ஓவஹாகா தே ஹுவாரெஸ்'.

சாட்டையைத் தானே எடுத்துக் கொடுத்த சிறுவனை வியக்கிறோம். ஆனால் சாட்டை எல்லாச் சிறுவர்களும் கேட்டு வாங்கியதல்ல. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி மெக்ஸிகோவின் பள்ளிக்கூடங்கள் ஆதிகுடிக் குழந்தைகளை ஸ்பானிஷுக்கு மாற்றுவதையே கல்வி என்று கருதின. தாய்ப்பாஷை பேசியதற்குத் தண்டனை பெற்றவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அந்தப் பாஷைகளும் தேசீய பாஷைகளே என்று சட்டம் சொன்னது 2003-ல். தமிழ் பேசினால் அபராதம் விதித்த பள்ளிக்கூடங்களை அறிந்த நாம் அந்நாட்டாருக்குப் புத்தி சொல்லும் தகுதி உடையவர்களல்ல. ஆயினும் நம் வாலிபர்கள் ஒன்றை மட்டும் மனத்தில் கொள்ள வேண்டும்: அங்கே அவர்கள் கற்கும் ஸ்பானிஷ், எதிரில் நிற்கும் கிழவிக்கும் இரண்டாவது பாஷையாக இருக்கலாம். அவள் நிறுத்திப் பேசினால் அது நமக்காக மட்டும் அல்ல.

விழாவின் மேல் உள்ளூராருக்கு மனக்குறை இல்லாமலில்லை. அரங்கத்தின் முன் பகுதிகளுக்குச் சீட்டு விலை உண்டு. பின் பகுதிகள் இலவசம், வரிசையில் நின்று பிடிக்க வேண்டும். கொடுக்கல் வாங்கலின் பெயர் தாங்கிய விழாவுக்கு விலைச்சீட்டா என்று கேட்பவர்கள் நெடுநாளாக உண்டு. 2006-ல் ஆசிரியர்களின் வேலைநிறுத்தம் பெருங்கலகமாக மாறியபோது அரசாங்க விழா நடக்கவில்லை. ஆசிரியர்களும் அவர்களைச் சார்ந்தவர்களும் தாங்களே ஒரு 'மக்கள் கெலகெட்ஸா'வை இலவசமாக நடத்திக் காட்டினார்கள். பயணிகளின் பணம் வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. தங்கள் வீட்டுக் கல்யாணத்தில் தாங்களே பின்வரிசைக்குப் போய்விட்டோமே என்பதுதான் குறை. இதில் நியாயம் இருப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது. ஆகவே, சீட்டு வாங்க வசதியுள்ளவர்கள் வாங்கட்டும். இலவச இடத்தை ஊராருக்கு விடுவது மரியாதை. மற்றவர்கள் முந்திய வாரத்தில் தெருக்களில் வரும் 'கலெந்தா' ஊர்வலத்தைப் பார்க்கலாம். பூக்கூடை சுமந்த பெண்களும், காகிதக் கூழ் முகத்தோடு ஆடிவரும் ராட்சதப் பொம்மைகளும், பித்தளை வாத்தியங்களும் சீட்டுக் கேட்பதில்லை.

வாங்கினவர்கள் திருப்பிக் கொடுக்கவும் அங்கே வழி இருக்கிறது. 'இந்தர்காம்பியோ' என்ற ஏற்பாட்டில் உள்ளூர் மாணவர் ஒருவரும் அயல்நாட்டார் ஒருவரும் ஒரு மணி நேரம் சேர்ந்து உட்காருகிறார்கள். பாதி நேரம் ஸ்பானிஷ், பாதி நேரம் ஆங்கிலம், காசு கிடையாது. நோட்டுப் புத்தகம் இல்லாத மொய் இது. நம்மவர்கள் ஆங்கிலத்தோடு நிறுத்தாமல் நாலு தமிழ்ச் சொல்லும் கொடுத்துவிட்டு வரலாம்.

இலையுதிர் காலம் வரை தங்க முடிந்தவர்கள் நவம்பர் முதலிரு நாட்களில் வரும் இறந்தோர் திருநாளையும் பார்க்க வேண்டும். வீடுதோறும் பீடம் அமைத்து, போனவர் விரும்பி உண்டதை வைத்துப் படைக்கிறார்கள். அதை நம்மவர்க்கு விளக்கத் தேவையில்லை. பீடத்தை மூடிக் கிடக்கும் மஞ்சள் பூவைக் கண்டு நம்மூர்ச் செண்டுமல்லி இங்கே எப்படி வந்தது என்று திகைக்கவும் வேண்டாம்; அங்கிருந்துதான் அது நமக்கு வந்தது.

ஜூலையில் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. அது மழைக்காலம். மாலை ஐந்து மணி ஆட்டத்துக்குக் குடை அவசியம். துஸ்தெபெக் பெண்கள் மேடையேறும்போது மட்டும் மடக்கி வைத்துக்கொண்டு மேலே பார்த்தபடி இருங்கள், அன்னாசிப்பழம் கனமானது.