வாகைக்குப் பக்கத்தில் ஒரு பாலை

இந்த மாதம் ஒரு தாய் அனுப்பிய கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். இங்கிலாந்தில் இருக்கிறவர், மகளுக்குப் பதினைந்து வயசு. தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவில் சொல்லச் சொல்லி, புறநானூற்றிலிருந்து ஒரு வீரத்தாய் பாட்டைக் கொடுத்திருக்கிறார்கள். அதே வாரம் ஆங்கில வகுப்பில் முதல் உலகப் போர்க் கவிதை நடந்திருக்கிறது. ஒன்றில் தாய் மகனைப் போருக்கு அனுப்புகிறாள். மற்றதில், இப்படிப் பிள்ளைகளை அனுப்பச் சொல்லிப் பாடினவர்கள் மேலே கவிஞருக்குக் கோபம். "அம்மா, இதில நாங்கள் எந்தப் பக்கம்?" என்று பிள்ளை கேட்டதாம். "போரிலிருந்து தப்பி வந்த குடும்பம் எங்களது. எனக்குப் பதில் சொல்லத் தெரியேல்லை" என்று எழுதியிருக்கிறார்.

சனிக்கிழமை வகுப்பில் பல வருஷமாகப் புறநானூறு சொல்லிக்கொடுக்கிறவள் நான். இந்தக் கேள்வி எனக்கும் வருவதுதான். ஒரு வரியில் முடிகிற பதில் கிடையாது. கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம்.

முதலில் ஆங்கிலப் பக்கம். இங்கே ஜி.சி.எஸ்.இ. தேர்வு நடத்தும் ஏ.கியூ.ஏ. வாரியத்தின் தொகுப்பில், அதிகாரமும் மோதலும் என்ற தலைப்பில் பதினைந்து கவிதைகள் இருக்கின்றன. 1854இல் பாலக்லாவாவில் தவறான கட்டளைக்குக் கீழ்ப்படிந்து பீரங்கிகளை நோக்கிப் பாய்ந்த குதிரைப்படையை டென்னிசன் பாடியது அதில் உண்டு. பதுங்குகுழியில் பனியில் விறைத்துக் கிடக்கும் சிப்பாய்களை வில்ஃபிரட் ஓவன் எழுதியது உண்டு. ஈராக்கிலிருந்து வீடு திரும்பியும் தூங்க முடியாத சிப்பாயைப் பற்றிச் சைமன் ஆர்மிடேஜ் எழுதியதும் உண்டு. ஆக, நம் பிள்ளைகள் பரீட்சைக்காகவாவது போர்க் கவிதையை நன்றாகவே படிக்கிறார்கள்.

இவர்களில் ஓவன் கதை முக்கியம். 1915இல் படையில் சேர்ந்தார். 1917இல் மனம் நொறுங்கி எடின்பரோ அருகே கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். அங்கேதான் சீக்ஃபிரீட் சஸூன் என்ற கவிஞரைச் சந்தித்தார். மறுபடி போர்முனைக்குப் போய், 1918 நவம்பர் 4ஆம் தேதி, பிரான்ஸில் ஒரு கால்வாயைக் கடக்கும் சண்டையில் செத்துப்போனார். வயது 25. போர் முடிய ஒரே ஒரு வாரம்தான் பாக்கி. அவருடைய கவிதைகள் நூலாக வந்ததே 1920இல்தான்.

அவருடைய புகழ்பெற்ற விஷவாயுக் கவிதையின் கைப்பிரதியில் ஒரு சமர்ப்பணம் இருந்தது. ஜெஸ்ஸி போப் என்ற பெண்மணிக்கு. இவர் இங்கிலாந்தில் இருந்துகொண்டு, இளைஞர்களைப் படையில் சேரச் சொல்லிப் பத்திரிகைகளில் பாட்டு எழுதியவர். ஓவன் கேட்டது அவரைத்தான்: என் பக்கத்தில் செத்தவனை நீங்கள் பார்த்திருந்தால் இப்படிப் பாடுவீர்களா? எதிரிப்படையை விட, தூரத்தில் பத்திரமாக உட்கார்ந்து வீரம் பேசுகிற வாய்மேல்தான் அந்தக் கவிதைக்குக் கோபம். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருவோம்.

இப்போது நம் பக்கம். விழா மேடையில் அடிக்கடி கேட்கிற வீரத்தாய் பாட்டு இரண்டு. ஒன்று ஒக்கூர் மாசாத்தியார் பாடிய 279ஆம் பாட்டு. முன்னால் நடந்த சண்டையில் பிறந்த வீட்டு ஆண் ஒருவர் போய்விட்டார், அடுத்ததில் கணவர் போய்விட்டார், இன்றைக்கும் பறை கேட்கிறது. இருக்கிற ஒரே மகனுக்குத் தலைக்கு எண்ணெய் தடவி, வெள்ளை உடுத்தி, கையில் வேலைக் கொடுத்து அனுப்புகிறாள். மேடையில் இதைச் சொல்லும்போது கைதட்டல் பலமாக விழும்.

ஆனால் பாட்டைத் திரும்பப் படித்துப் பாருங்கள். அந்தத் தாய் அதில் 'செல்க' என்பதற்கு மேல் எதுவும் பேசவில்லை. பேசுவது அவளைப் பார்த்து நிற்கிற இன்னொருவர். தொடக்கமே, இது என்ன மனசு, இப்படியும் ஒரு துணிச்சலா என்று நடுங்குகிற குரல்தான். அவள் அழுதாளா, பல்லைக் கடித்துக்கொண்டாளா, நமக்குத் தெரியாது. மகன் தலையில் எண்ணெய் தடவுகிற கை மட்டும்தான் தெரியும். பள்ளிக்கூடம் அனுப்பும்போது நாம் செய்கிற அதே வேலை. அந்த இடத்தில் கைதட்டத் தோன்றுகிறதா, தொண்டை அடைக்கிறதா என்பது படிக்கிறவரைப் பொறுத்தது. பாட்டு இரண்டுக்கும் இடம் விட்டிருக்கிறது.

இன்னொன்று காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடிய 278. உன் மகன் முதுகு காட்டி ஓடினான் என்று பலர் வந்து ஒரு கிழவியிடம் சொல்கிறார்கள். அப்படியானால் அவனுக்குப் பாலூட்டிய மார்பை அறுத்தெறிவேன் என்று வாளோடு களத்துக்குப் போய், ஒவ்வொரு பிணமாகப் புரட்டித் தேடுகிறாள். துண்டாகிக் கிடக்கிற மகனைக் காண்கிறாள். பெற்ற நாளைவிட அன்றைக்கு மகிழ்ந்தாளாம்.

"உண்மையாவே சந்தோஷப்பட்டாங்களா மிஸ்?" என்று வகுப்பில் வருஷா வருஷம் ஒரு பிள்ளையாவது கேட்கும். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "ஓடினான்னு சொன்னது யாரு?" பிள்ளைகள் பாட்டுக்குள் தேடுவார்கள். பெயர் இல்லை, ஊர்வாய் மட்டும்தான். அந்த வாய் சொன்னது பொய். களத்துக்குப் போகாதவர்கள் கிளப்பிய ஒரு பேச்சுக்காக, ஒரு வயதான தாய் பிணங்களைப் புரட்டிக்கொண்டு நடந்தாள். அவள் மகிழ்ச்சிக்குள்ளே அந்தப் பழி நீங்கிய ஆறுதலும் இருக்கிறது, மகன் செத்தும் கிடக்கிறான். ஓவன் கோபப்பட்டாரே, தூரத்திலிருந்து பேசும் அந்த வாய், அது இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய நம் பாட்டிலும் இருக்கிறது. நாம்தான் அதைத் தாண்டிக் கடைசி வரிக்கு ஓடிவிடுகிறோம்.

புறநானூறு என்பது இந்த இரண்டு பாட்டு மட்டும் இல்லை. மொத்தம் நானூறு. 1894இல் உ.வே.சாமிநாதையர் ஏடுகளைத் தேடிப் பதிப்பித்த நூல். அதே நூலில் 255ஆம் பாட்டைப் பாருங்கள், வன்பரணர் பாடியது. காட்டில் செத்துக்கிடக்கும் கணவன் பக்கத்தில் ஒரு மனைவி. வாய்விட்டு அழுதால் புலி வந்துவிடுமோ என்று பயம். தூக்கலாம் என்றால் அவன் மார்பு அகலம், அவளால் முடியாது. என் கையைப் பிடித்துக்கொண்டு அந்த நிழல் வரைக்கும் கொஞ்சம் நடக்க மாட்டாயா என்று செத்தவனிடம் கேட்கிறாள். இதை எந்த விழாவிலும் நான் கேட்டதில்லை.

கோவூர்கிழார் பாடிய 45 இன்னொன்று. நலங்கிள்ளி உறையூரை முற்றுகையிட்டிருக்கிறான், நெடுங்கிள்ளி உள்ளே கதவடைத்து இருக்கிறான். இருவரும் சோழர்கள், இருவருக்கும் ஆத்திமாலைதான். உங்களில் யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான் என்று புலவர் முகத்துக்கு நேராகச் சொல்கிறார். வெண்ணிப் போரில் கரிகாலன் ஜெயித்த பிறகு, குயவர் குலப் பெண் என்று சொல்லப்படும் வெண்ணிக்குயத்தியார் அவனைப் பார்த்து, முதுகில் பட்ட புண்ணுக்கு வெட்கி உண்ணாமல் உயிர்விட்ட அந்தத் தோற்றவன் உன்னைவிட நல்லவன் இல்லையா என்று கேட்கிறார். ஜெயித்த மன்னனிடம் இதைக் கேட்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! நம் பிள்ளைகளுக்கு வீரம் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றால், இதுவும் வீரம்தானே.

தொல்காப்பியர் ஒவ்வொரு புறத்திணையையும் ஒரு அகத்திணைக்குப் பக்கத்தில் வைத்தார். வெட்சிக்குக் குறிஞ்சி, வஞ்சிக்கு முல்லை, உழிஞைக்கு மருதம், தும்பைக்கு நெய்தல். வெற்றியைப் பாடும் வாகைக்கு எதை வைத்தார் தெரியுமா? பாலையை. பிரிவின் நிலம், வறண்ட நிலம். அவர் காரணத்தை உரைகாரர்கள் பலவிதமாக விளக்குவார்கள். எனக்கு அந்தப் பக்கத்து இருக்கையே போதும். ஜெயித்த வீட்டிலும் யாரோ ஒருவர் திரும்பி வரவில்லை.

இது நமக்கு மட்டும் உரிய பெருமை இல்லை. ஹோமரின் இலியட் 24 பகுதிகள் கொண்டது, பதினைந்தாயிரம் வரிகளுக்கு மேல். டிராய் போர் என்றால் எல்லாருக்கும் மரக்குதிரை ஞாபகம் வரும். இலியட்டில் அந்தக் காட்சியே வராது, கதை அதற்கு முன்பே முடிந்துவிடும். முடிவில் இருப்பது இதுதான்: மகன் ஹெக்டரைக் கொன்ற அக்கிலீஸின் கூடாரத்துக்கு, கிழவர் பிரையம் இரவில் போகிறார். தன் பிள்ளைகளைக் கொன்ற அந்தக் கைகளை முத்தமிட்டு, பிணத்தைக் கொடு என்று கேட்கிறார். அக்கிலீஸுக்குத் தன் தகப்பன் ஞாபகம் வருகிறது. இருவரும் சேர்ந்து அழுகிறார்கள், ஒன்றாகச் சாப்பிடுகிறார்கள். ஈமக்காரியம் முடிய பதினொரு நாள் சண்டை நிறுத்தம். பன்னிரண்டாம் நாள் மறுபடி போர். காவியம் எதிரி நாட்டு வீரனின் ஈமச்சடங்கோடு முடிகிறது. நம் கம்பனும் அப்படித்தான், ராவணன் விழுந்த பிறகு மண்டோதரி அழுவதற்கு இடம் விட்டான்.

இந்தப் பழைய பாட்டெல்லாம் இன்றைக்கும் வேலை செய்கிறது. பாஸ்டனில் வியட்நாம் போர் வீரர்களுக்குச் சிகிச்சை கொடுத்த மனநல மருத்துவர் ஜொனாதன் ஷே, அவர்கள் சொன்னதையும் அக்கிலீஸின் கதையையும் பக்கத்தில் வைத்து 1994இல் ஒரு புத்தகமே எழுதினார். தலைவன் செய்த அநியாயம், உயிர் நண்பனின் சாவு, அதன்பின் வெறி, எல்லாம் ஹோமரில் அப்படியே இருக்கிறது என்றார். 2011இல் ஆலிஸ் ஆஸ்வால்ட் என்ற ஆங்கிலக் கவிஞர் இலியட்டின் கதையை எடுத்துவிட்டு, செத்தவர்களையும் உவமைகளையும் மட்டும் வைத்து ஒரு நூல் செய்தார். முதல் பக்கங்களில் வெறும் பெயர்கள், போர் நினைவுத்தூணில் செதுக்கியதுபோல.

ஹோமரையும் புறநானூற்றையும் ஒன்றாக வைத்துப் படித்தவர் நம்மவர்தான். க.கைலாசபதி, 1933இல் கோலாலம்பூரில் பிறந்து யாழ்ப்பாணத்தில் படித்தவர். பர்மிங்காமில் கிரேக்கப் பேராசிரியர் ஜார்ஜ் தாம்சனிடம் ஆய்வு செய்தார். அந்த ஆய்வு 1968இல் ஆக்ஸ்ஃபோர்டில் நூலாக வந்தது. சங்கப் பாட்டு வாய்மொழிப் பாணர் மரபில் வந்தது என்று வாதிட்டார். அதை எல்லா அறிஞரும் ஏற்கவில்லை. ஆனால் புலம்பெயர்ந்த ஊரில் பிறந்த ஒருவர், இன்னொரு அந்நிய ஊரில் உட்கார்ந்து, நம் பாட்டுக்கும் கிரேக்கப் பாட்டுக்கும் பாலம் போட்டார். இரண்டு வகுப்பறைக்கு நடுவே நிற்கிற நம் பிள்ளைகளுக்கு அவர் ஒரு முன்னோடி.

சரி, அந்தத் தாய்க்கு என்ன சொல்வது?

பாட்டை மறைக்க வேண்டாம். மகளை ஒப்பிக்க விடுங்கள், அவளுக்குப் பிடித்திருந்தால். ஆனால் மனப்பாடம் தொடங்கும் முன் மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். இதில் பேசுவது யார்? பேசாமல் இருப்பது யார்? பேசுகிறவர் களத்தில் நிற்கிறாரா, வெளியே நிற்கிறாரா? ஓவனுக்கும் இதே மூன்று கேள்வி பொருந்தும். பிறகு 279ஐயும் 255ஐயும் அடுத்தடுத்துச் சொல்லச் சொல்லுங்கள், ஆசிரியர் சம்மதித்தால் மேடையிலேயே. இரண்டும் நம் பாட்டு, இரண்டும் ஒரே நூல்.

பதினைந்து கவிதைத் தொகுப்பில் பீட்ரிஸ் கார்லண்ட் எழுதிய ஒன்று இருக்கிறது. தற்கொலைப்படை விமானத்தில் கிளம்பிய ஒரு ஜப்பானிய வீரர் பாதியில் திரும்பி வந்துவிடுகிறார். அதற்குப் பிறகு அவரோடு வீட்டில் யாரும் பேசுவதில்லை. 278இன் தாய்க்கு மகன் திரும்பி ஓடியதாகச் செய்தி வந்தது. கார்லண்டின் வீட்டில் அவர் உண்மையிலேயே திரும்பி வந்தார். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து உங்கள் மகள் ஒரு கட்டுரை எழுதினால், அவள் ஆங்கில ஆசிரியைக்கே அது புதுசாக இருக்கும்.

இன்னொன்று. நாம் எல்லாரும் இன்றைக்குக் களத்துக்கு வெளியே, ஹீட்டர் போட்ட அறையில் உட்கார்ந்து பேசுகிறவர்கள். அந்தக் களத்திலிருந்தே வந்தவர்கள் நம் நடுவில் நிறைய பேர். அவர்களில் பலர் வீரத்தாய் பாட்டு வரும்போது மண்டபத்தை விட்டு எழுந்து வெளியே போய் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். விழா நடத்துகிறவர்கள் அதையும் கவனிக்க வேண்டும் என்பது என் விண்ணப்பம்.

"எந்தப் பக்கம்" என்று கேட்ட மகளுக்கு இப்படிச் சொல்லலாம்: கண்ணம்மா, அந்தப் புலவர்களும் ஒரே பக்கம் நிற்கவில்லை. மன்னனைப் புகழ்ந்தார்கள், அவனிடமே சண்டையை நிறுத்து என்றார்கள், தோற்றவனுக்காகப் பேசினார்கள், அழுகிறவள் பக்கத்திலும் உட்கார்ந்தார்கள். நீயும் முழுசாகப் படி. பிறகு உன் பக்கத்தை நீயே சொல்லு, நாங்கள் கேட்கிறோம்.

அடுத்த மாதம் சந்திப்போம்.