தொப்பூர் இறக்கமும் டிரைவர் மீது பழியும்

தருமபுரியிலிருந்து சேலம் செல்லும் நெடுஞ்சாலையில் தொப்பூர் கணவாய் குடித்த உயிர்கள் எத்தனையோ! 2020 டிசம்பரில் பாரம் ஏற்றிய லாரி ஒன்று வரிசையாக நின்ற கார்கள் மீது பாய்ந்தது, நால்வர் மாண்டனர். ஒவ்வொரு முறையும் ஒரே பாட்டுத்தான்: டிரைவரின் அஜாக்கிரதை! இந்தப் பாட்டை நாம் ஏற்பதற்கில்லை.

பெரும் பாரத்தோடு பிரேக்கை மிதித்தபடியே நெடுந்தூரம் இறங்கினால் டிரம் பழுக்கக் காய்ந்துவிடும். பிறகு மிதித்தும் பயனில்லை. இறக்கத்தில் வண்டியை அடக்க வேண்டியது எஞ்சின். கீழ் கியரில் சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றுகின்றன. அந்த உழைப்பில் வேகம் தணிகிறது. ஆனால் டீசல் எஞ்சினில் ஒரு சங்கடம். பிஸ்டன் அமுக்கிய காற்று, சுருள்வில்லைப் போல அதையே திருப்பித் தள்ளிவிடுகிறது. அதனால்தான் எக்ஸாஸ்ட் பிரேக். அது புகைக்குழாயை அடைக்கிறது. காற்று வெளியேற வழியின்றி முட்ட, பிஸ்டன் திணறுகிறது, வண்டி அடங்குகிறது. அமுக்கிய காற்றை உச்சியிலேயே வால்வு திறந்து விட்டுவிடும் வேறொரு முறையும் 1961-லேயே அமெரிக்காவில் விற்பனைக்கு வந்துவிட்டது.

நியூட்ரலில் போட்டால் இவையெல்லாம் வீண். பின் ஏன் போடுகிறார்கள்? டிரிப்புக்கு இத்தனை லிட்டர் என்று முதலாளி அளந்து கொடுக்கும் டீசல்! மிஞ்சினால்தான் டிரைவருக்கு நாலு காசு. வேடிக்கையைக் கேளுங்கள்: கியரில் ஆக்ஸிலேட்டரை விட்டு இறங்கும்போது இன்றைய எஞ்சின் டீசலே குடிப்பதில்லை, நியூட்ரலில்தான் குடிக்கிறது! இதைச் சொல்லிக் கொடுத்த முதலாளிகள் எத்தனை பேர்?

டிரைவரைக் கைது செய்வதோடு சர்க்கார் நின்றுவிடக் கூடாது. லாரியின் எக்ஸாஸ்ட் பிரேக் வேலை செய்ததா, டீசல் கணக்கு என்ன என்று முதலாளியையும் விசாரிக்க வேண்டுமென்று கோருகிறோம்.