எழுத்தில் வராத ஆணைகள்

2021 ஏப்ரல் 26 அன்று, அப்போதைய முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் பிரதமரைச் சந்தித்துச் சொன்ன விவரங்கள் அரசின் செய்திக்குறிப்பாக வெளிவந்தன. முந்தைய இரண்டு ஆண்டுகளில் பணி ஓய்வு பெற்ற, விருப்ப ஓய்வில் சென்ற படை மருத்துவத் துறையினர் தங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள கொரோனா மையங்களில் பணியாற்ற அழைக்கப்படுகிறார்கள். அதற்கும் முன்னால் ஓய்வு பெற்றவர்கள் தொலைபேசியில் ஆலோசனை சொல்வார்கள். தலைமையகங்களில் கோப்பு பார்க்கும் மருத்துவ அதிகாரிகள் மருத்துவமனைகளுக்கு அனுப்பப்படுவார்கள். தலைநகரில் ஆக்சிஜன் சிலிண்டருக்காக மக்கள் தெருத்தெருவாக அலைந்துகொண்டிருந்த நாட்கள் அவை. அழைப்பு சரியானது. அதை ஏற்றுப் போனவர்களுக்கு நாடு கடமைப்பட்டிருக்கிறது.

அந்தக் கடமையை நாடு எப்படித் தீர்த்தது என்பதுதான் நம் கேள்வி. குறுகிய கால ஆணை (ஷார்ட் சர்வீஸ் கமிஷன்) பெற்ற ராணுவ மருத்துவர்களின் பணிக்காலம் 2021 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது. இதனால் 238 மருத்துவர்கள் கூடுதலாகக் கிடைத்தார்கள். அடுத்து மே மாதம், 2017 முதல் 2021 வரை பணியிலிருந்து விடுவிக்கப்பட்ட 400 மருத்துவ அதிகாரிகளை ஒப்பந்த முறையில் எடுக்க அனுமதி தரப்பட்டது. அதிகபட்சம் 11 மாதம். ஓய்வு பெறும்போது வாங்கிய சம்பளத்தில் அடிப்படை ஓய்வூதியத்தைக் கழித்து, நிபுணர்களுக்கு அதற்குரிய ஊதியத்தைச் சேர்த்து, ஒரு மாதத் தொகை. ஒப்பந்தம் முடியும்வரை அது மாறாது. வேறு எந்தப் படியும் கிடையாது.

ஒரு மருத்துவரை நோய் உச்சத்தில் இருக்கும் வார்டுக்கு அனுப்பும்போது எழுத வேண்டிய நிபந்தனைகளா இவை? குறுகிய கால ஆணையில் சேரும் படை மருத்துவர் அதிகபட்சம் 14 ஆண்டுகள் பணியாற்றலாம். போகும்போது பணிக்கொடை உண்டு, ஓய்வூதியம் இல்லை. அப்படிப்பட்டவரை இன்னும் சில மாதங்கள் இருத்தி வைத்து, அந்த மாதங்கள் அவருடைய நிரந்தர ஆணைக்கோ எதிர்காலப் பணிவாய்ப்புக்கோ எந்த விதத்தில் கணக்கில் வரும் என்பதையும் அதே ஆணையில் எழுதியிருக்க வேண்டும். நெருக்கடியில் அழைப்பது அரசின் உரிமை என்றால், அழைக்கும்போதே கணக்கைத் தெளிவாகச் சொல்வது அதன் கடமை.

இந்தக் கணக்கு ஏறும் பணியாளர் பதிவேடு ஏதோ குமாஸ்தா வேலை என்று நினைப்பவர்கள் லடாக்கை நினைத்துப் பார்க்கட்டும். 2020 மார்ச்சில் ராணுவத்தில் முதன்முதலாகத் தொற்று உறுதியானது லடாக் ஸ்கவுட்ஸ் படைவீரர் ஒருவருக்கு. ஈரானிலிருந்து திரும்பிய அவருடைய தந்தைக்குத் தொற்று இருந்தது. வீரர் விடுப்பில் ஊருக்குப் போய்விட்டு மார்ச் தொடக்கத்தில் பணிக்குத் திரும்பியிருந்தார். யார், எந்தத் தேதியில் விடுப்பில் போனார், எப்போது திரும்பினார் என்ற விடுப்புப் பதிவேடுதான் அன்று நோயைத் துரத்திப் பிடிக்கும் கருவியாக இருந்தது. ஏப்ரலில் ராணுவம் இதை ஒழுங்குபடுத்தியது. விடுப்பு, பயிற்சி, தற்காலிகப் பணி முடிந்து திரும்புவோரைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்றாகப் பிரித்தது. 14 நாள் தனிமை முடித்தவர் பச்சை, இனிமேல் இருக்க வேண்டியவர் மஞ்சள், அறிகுறி உள்ளவர் சிவப்பு. பயிற்சி முடித்தவர்களை எல்லைப் பகுதிகளுக்குக் கொண்டுசெல்லப் பெங்களூரிலிருந்து தனி ரயில்கள் விடப்பட்டன. கடைநிலைச் சிப்பாய்க்கும் புரியும் ஆணை அது. ஆணை தெளிவாக எழுத்தில் இருந்தால், ஊரடங்கிலும் ஒரு பெரும்படையை ஒழுங்காக நகர்த்த முடியும் என்று ராணுவமே காட்டியது.

காவல் துறைக்கு இந்தத் தெளிவு வாய்க்கவில்லை. 2020 ஏப்ரல் கடைசியில் மும்பையில் மூன்றே நாளில் மூன்று காவலர்கள் இறந்தார்கள். அதன் பிறகுதான் 55 வயதைத் தாண்டியவர்களும், 52 வயதைக் கடந்து ஏற்கெனவே நோய் உள்ளவர்களும் வீட்டில் இருக்கலாம் என்று மாநகர ஆணையர் அறிவித்தார். நல்ல முடிவு, மூன்று உயிர் போன பிறகு வந்த முடிவு. சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் உள்ள வயது மூத்த காவலர்கள் எல்லா மாநிலங்களிலும் இருக்கிறார்கள். ஒரு மாநகரில் தரப்பட்ட விலக்கு அடுத்த மாநிலத்துக் காவலருக்கும் விதியாகக் கிடைத்திருக்க வேண்டும். அது அங்கங்கே இருந்த மேலதிகாரியின் மனத்தைப் பொறுத்த சலுகையாக இருந்தது. தமிழ்நாட்டில் அந்த ஜூன் 17 அன்று சென்னை மாம்பலம் காவல் நிலைய ஆய்வாளர் கொரோனாவுக்குப் பலியானார். வயது 47.

ஒரு காவல் நிலையத்தில் பணி எப்படி ஒதுக்கப்படுகிறது என்று பாருங்கள். நிலைய எழுத்தர் காலையில் பட்டியல் போடுவார். பாரா, பந்தோபஸ்து, வாகன சோதனை, நீதிமன்றப் பணி என்று பொது நாட்குறிப்பில் ஏறும். ஊரடங்கில் சந்தை வாசலில் கூட்டத்தை விலக்கியவரும், தொற்று வந்த தெருவுக்குத் தட்டி கட்டியவரும், மருத்துவமனை வாசலில் நின்றவரும் பெரும்பாலும் இந்த வழக்கமான தலைப்புகளுக்குள்தான் அடங்கினார்கள். பாதிப் பணி மைக்கிலும் தொலைபேசியிலும் வந்த வாய்மொழி உத்தரவு. அவர் இறந்துபோனால், ‘கொரோனா பணியில் இருந்தார் என்பதற்கு ஆணை எங்கே?’ என்று கோப்பு திரும்பி வரும்.

இது கற்பனை அல்ல. 2020 மே மாதம் டில்லியில் ஓர் இளம் காவலர் கொரோனாவில் இறந்தார். அவருடைய குடும்பத்துக்கு ஒரு கோடி ரூபாய் தரப்படும் என்று முதலமைச்சரே பகிரங்கமாக அறிவித்தார். பணம் வரவில்லை. அவர் கொரோனா பணிக்கென அமர்த்தப்பட்டவரா என்பதே தகராறாகி, மனைவி உயர் நீதிமன்றத்தின் படியேற வேண்டியிருந்தது. கொடுத்த வாக்கிலிருந்து அரசு பின்வாங்க முடியாது என்று நீதிமன்றம் சொல்ல 2023 ஆகிவிட்டது. ஊரே கதவடைத்துக் கிடந்தபோது சீருடையோடு தெருவில் நின்ற ஒருவர் வேறு எந்தப் பணியில் இருந்திருக்க முடியும்? மத்திய அரசு அறிவித்த 50 லட்சம் ரூபாய்க் காப்பீடு மருத்துவத் துறைப் பணியாளர்களுக்கானது. காவலர்களுக்கு மாநிலத்துக்கு ஒரு தொகை, மாநிலத்துக்கு ஒரு நிபந்தனை.

பணம் பிடிப்பதில் மட்டும் இந்தத் தயக்கம் இருக்கவில்லை. 2020 ஜனவரி, ஜூலை, 2021 ஜனவரி ஆகிய மூன்று தவணை அகவிலைப்படி உயர்வை மத்திய அரசு நிறுத்தியது. கொரோனா வார்டில் நின்ற படை மருத்துவருக்கும் செவிலியருக்கும் அதே நிறுத்தம்தான். 2021 ஜூலையில் 17 விழுக்காட்டிலிருந்து 28 ஆக உயர்த்தினார்கள். இடைப்பட்ட 18 மாத நிலுவை கிடையாது என்று கைவிரித்தார்கள். அந்த வகையில் 34,402 கோடி ரூபாய் மிச்சமானதாக நாடாளுமன்றத்திலேயே தெரிவிக்கப்பட்டது. பிடித்தம் பற்றிய ஆணையில் தேதி, தவணை எல்லாம் பிசகில்லாமல் இருந்தன. அந்தத் துல்லியம் உரிமை பற்றிய ஆணையிலும் இருந்திருக்கலாம்.

தன் ஆட்களின் நிலையை உள்ளபடி மேலே சொல்லும் அதிகாரிக்கு என்ன நேரும் என்பது இன்னொரு கவலை. அமெரிக்கக் கடற்படையின் தியோடர் ரூஸ்வெல்ட் விமானந்தாங்கிக் கப்பலின் தலைவர் பிரெட் குரோசியர், 2020 மார்ச் 30 அன்று நான்கு பக்கக் கடிதம் எழுதினார். கப்பலில் தனிமைப்படுத்த இடமில்லை, மாலுமிகளைக் குவாம் தீவில் இறக்க வேண்டும் என்பதுதான் சாரம். கடிதம் பத்திரிகையில் வெளியானது. ஏப்ரல் 2 அன்று பதவி பறிக்கப்பட்டது. கடைசியில் 4,779 பேரில் 1,271 பேருக்குத் தொற்று உறுதியானது. ஒருவர் இறந்தார். குரோசியரைக் கடுமையாகச் சாடிய கடற்படைப் பொறுப்பு அமைச்சரும் பதவி பறிப்பு நடந்த ஒரு வாரத்துக்குள் பதவி விலக நேர்ந்தது. கடிதத்தை அவர் பலருக்கு அனுப்பியது முறையா என்பதில் வாதம் உண்டு. அதில் இருந்த ஆபத்து மெய்யானது என்பதில் வாதமே இல்லை. நம் படைகளிலும் காவல் துறையிலும் ஓர் அதிகாரி தன் பிரிவில் தொற்று பரவுவதை அறிவித்தால், அது அவருடைய ஆண்டு மதிப்பீட்டு அறிக்கையைப் பாதிக்காது என்ற உறுதி எழுத்தில் வேண்டும்.

1897 ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டத்தை 2020-ல் திருத்தியபோது, மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவோருக்குத் தண்டனையைக் கடுமையாக்கினார்கள். தேவையான திருத்தம்தான். சீருடைப் பணியாளர்களின் பணி நிபந்தனைகள் குறித்து அதில் ஏதும் சேரவில்லை. அடுத்த தொற்று வருவதற்கு முன்பே பாதுகாப்பு அமைச்சகமும் உள்துறையும் மாநில அரசுகளோடு அமர்ந்து ஒரே விதித்தொகுப்பை வகுத்து வெளியிட வேண்டும். பணி நீட்டிப்பானாலும் மறு அழைப்பானாலும் முடியும் தேதியும் ஊதியமும் அந்த ஆணையிலேயே இருக்க வேண்டும். தொற்றுக்காலப் பணி அந்தப் பெயரிலேயே பணிப்பதிவேட்டில் ஏற வேண்டும். வயதும் நோயும் தரும் விலக்கு யாருடைய தயவுக்கும் காத்திருக்கக் கூடாது. நோய்க்காலத்தில் பணியிலிருந்தவர் அந்நோயால் இறந்தால், பணியில்தான் தொற்றியது என்று கொள்ள வேண்டும். இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசைச் சேரட்டும். அதுவரை காத்திருக்காமல், 2020-லும் 2021-லும் இறந்தவர்களின் குடும்பங்களில் இன்னும் தொகை கிடைக்காதவர்கள் எத்தனை பேர் என்ற பட்டியலை ஒவ்வொரு மாநில அரசும் உடனே வெளியிட வேண்டும்.