நித்திரையைக் கெடுக்கும் நோ



"ஒப்பரேசன் நல்லபடியா முடிஞ்சுது, காயமும் ஆறியிட்டுது, இன்னும் என்ன நோ?" மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட பெண்களிடம் எமது வீடுகளில் நாம் கேட்கும் கேள்வி இது. உயிர் தப்பியதே போதும் என்று அவர்களும் வாய் திறப்பதில்லை. எம்மோடு தொழிற்சாலையில் நிற்கும் அக்கா ஒருவரும் அப்படித்தான் ஒரு வருடம் இருந்தார். பகல் வேலையோடு போய்விடும். இரவில் படுத்ததும் அக்குளும் கையின் உட்புறமும் எரியத் தொடங்கும். போர்வை பட்டாலே சுடும்.

இது மனப்பிரமை அல்ல. அக்குளிலுள்ள நிணநீர் முடிச்சுகளை எடுக்கும்போது, மேற்கையின் உட்புறத் தோலுக்குப் போகும் நரம்பு அறுபடலாம் அல்லது இழுபடலாம். காயம் ஆறிய பின்னும் பழுதுபட்ட நரம்பு நோவை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். பனடோலுக்கு இது பெரும்பாலும் அடங்காது.

நரம்பு நோவுக்கென வேறு மருந்துகள் உண்டு. அமிற்றிப்ரிலின் குளிசையை இரவில், பெரும்பாலும் 10 மில்லிகிராமில் தொடங்குவார்கள். அது மனச்சோர்வுக்கும், கபாபென்ரின் வலிப்புக்கும் கொடுக்கப்பட்டு வந்தவை. பெட்டிக்குள் இருக்கும் தாளைப் பார்த்து "எனக்கென்ன விசரோ?" என்று எறிந்துவிடாதீர்கள். பலன் தெரியச் சில கிழமைகள் செல்லலாம். காலையில் தூக்கக் கலக்கம் இருந்தால் கார் ஓட்டவோ இயந்திரத்தில் நிற்கவோ வேண்டாம். வைத்தியரைக் கேளாமல் நிறுத்தவும் வேண்டாம். ரமொக்ஸிபென் எடுப்பவர்கள் அதையும் சொல்லுங்கள்; சில மருந்துகள் அதனோடு ஒத்துவராது. குளிசை போதாவிட்டால், நோவுக்கான கிளினிக்குக்கு அனுப்பும்படி கேட்கலாம். நரம்பை விறைக்கச் செய்யும் ஊசியும் உண்டு.

செலவுக்குப் பயம் வேண்டாம். புற்றுநோய்க்கோ அதன் சிகிச்சையால் வந்த பின்விளைவுக்கோ மருந்து எடுப்பவர்களுக்கு இங்கிலாந்தில் 2009 ஏப்ரல் முதல் மருந்துச்சீட்டுக் கட்டணம் இல்லை. அதற்கான சான்றிதழ்ப் படிவத்தை ஜீ.பி.யிடம் கேளுங்கள். மொழிபெயர்ப்பாளரும் இலவசம், நேரம் பதியும்போதே கேட்டு வையுங்கள். பன்னிரண்டு வயது மகனை அருகில் வைத்துக்கொண்டு மார்பைப் பற்றி எந்தத் தாய் பேசுவாள்?

போவதற்கு முன் ஒரு கிழமைக்கு எழுதி வையுங்கள்: எங்கே எரிகிறது, எத்தனை மணிக்கு எழுப்புகிறது, எவ்வளவு நேரம் நித்திரை. கை வீங்கினாலோ புதிய கட்டி தெரிந்தாலோ அன்றே மார்பகப் பிரிவுத் தாதிக்குச் சொல்லுங்கள்.

வீட்டிலுள்ள ஆண்களுக்கும் ஒன்று. "நோ எப்படி?" என்றால் "பரவாயில்லை" என்றுதான் பதில் வரும். "இரவு நித்திரை கொண்டனீரோ?" என்று கேட்டுப் பாருங்கள்.