சாய்தளத்தோடு நின்றுவிடும் அக்கறை

மாற்றுத்திறனாளிகளுக்கான வசதி என்றதும் எமக்கு முதலில் நினைவுக்கு வருவது கட்டட வாசலில் உள்ள சாய்தளம்தான். எமது சட்டமும் பெரும்பாலும் அங்கேயே நிற்கிறது. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் 2006 இல் வர்த்தமானியில் வெளியான ஒழுங்குவிதிகள் பொதுக் கட்டடங்களையும் பொது இடங்களையும் பற்றியவை. 2011 இல் உயர் நீதிமன்றம் வழங்கிய உத்தரவும் பொதுக் கட்டடங்கள் குறித்ததே. அவையே இன்னும் முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை என்பது வேறு விடயம்.

ஆனால், ஒருவர் நாளொன்றுக்கு எத்தனை தடவை பொதுக் கட்டடமொன்றுக்குள் நுழைகிறார்? போத்தல் மூடி, குளிசை உறை, தண்ணீர்க் குழாய், அடுப்பின் திருகி ஆகியவற்றையோ விடிந்தது முதல் தொட்டுக்கொண்டே இருக்கிறார். அடுத்தவரிடம் கையேந்தும் நிலை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

2016 இல் இலங்கை ஏற்று உறுதிப்படுத்திய, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயம் இதை உணர்ந்திருக்கிறது. எல்லோருக்குமான வடிவமைப்பு என்பதற்கு அது தரும் வரைவிலக்கணத்தில் முதலில் வருவது பொருட்கள். சூழலும் சேவைகளும் அதன் பின்னரே.

இது சிலருக்கு மட்டுமான பிரச்சினையும் அல்ல. 2012 குடிசன மதிப்பீட்டின்படி ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 சதவீதமானோர், அதாவது சுமார் 16 இலட்சம் பேர், ஏதோவொரு இயலாமையுடன் வாழ்கின்றனர். நீரிழிவால் பார்வை மங்கியோரும் மூட்டுவாதத்தால் விரல் மடக்க முடியாதோரும் இல்லாத வீடு எமது ஊர்களில் அரிது.

செலவு அதிகமாகும் என்பதுதான் வழமையான பதில். ஜப்பானின் காவோ நிறுவனம் 1991 இல் தனது ஷாம்பு போத்தலின் பக்கவாட்டில் சிறு மேடுகளை அமைத்தது. பார்வையற்றோர் தொட்டுப் பார்த்தே ஷாம்பு எது, கண்டிஷனர் எது என அறிய வேண்டும் என்பதே நோக்கம். அந்த வடிவத்துக்குத் தனியுரிமை கொண்டாடாமல் மற்ற நிறுவனங்களும் பின்பற்ற வழிவிட்டது. இன்று அதனால் பயன்பெறுவோரில் தலை கழுவும்போது கண்ணை மூடிக்கொள்ளும் எல்லோரும் அடங்குவர். வார்ப்பு செய்யும்போதே யோசித்தால் மேடுகளுக்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். செய்து முடித்த பின் திருத்துவதற்குத்தான் செலவு.

எம்மாலும் முடியும் என்பதற்குச் சான்று எமது சட்டைப் பையிலேயே இருக்கிறது. மத்திய வங்கி 2011 இல் வெளியிட்ட நாணயத்தாள் தொடரில் பார்வையற்றோர் தடவி அறியப் புள்ளிகள் உண்டு. பெறுமதிக்கேற்ப நீளமும் மாறுகிறது.

பணத்தில் செய்ததை மருந்தில் ஏன் செய்யவில்லை? ஐரோப்பிய ஒன்றியம் 2004 ஆம் ஆண்டின் பணிப்புரை மூலம் மருந்துப் பெட்டியில் மருந்தின் பெயர் பிரெய்லில் இருப்பதைக் கட்டாயமாக்கியது. எமது வைத்தியசாலைகளிலோ ஒரே அளவான சிறு கடதாசி உறைகளில் குளிசைகளைப் போட்டு, பேனையால் எழுதித் தருகிறார்கள். ஒருமுறை வகுப்பில் மாணவர்களின் கண்ணைக் கட்டி, அப்படியான மூன்று உறைகளைக் கையில் கொடுத்து, இரவுக் குளிசை எதுவெனக் கேட்டேன். எல்லோரும் ஊகித்தார்கள். மருந்தில் ஊகத்துக்கு இடமில்லை என்பதை அதன் பின் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இதற்குப் பெரிய திட்டம் தேவையில்லை. காலைக் குளிசை உறையின் ஒரு மூலையையும், இரவுக் குளிசை உறையின் இரண்டு மூலைகளையும் வெட்டிக் கொடுத்து, அதை நோயாளிக்கு வாயால் சொன்னால் போதும். ஒரு கத்தரிக்கோல்தான் செலவு.

எம்மவர்களில் மருந்தகம் நடத்துவோரும், வீட்டுப் பாவனைப் பொருட்களை இறக்குமதி செய்வோரும் பலர். மருந்தகத்தார் இதை நாளையே ஆரம்பிக்கலாம். இறக்குமதியாளர் அடுத்த கட்டளையைக் கொடுக்குமுன், பிடியை வலுவற்ற கையால் பிடிக்க முடியுமா, மூடியை ஒரு கையால் திறக்க முடியுமா என்று பார்க்கலாம். மருந்துப் பொதிகளுக்கான விதியை தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையும், ஏனைய பொருட்களுக்கான தரத்தை இலங்கை கட்டளைகள் நிறுவனமும் வகுக்க வேண்டும். சாய்தளத்தில் ஏறி வைத்தியசாலைக்குள் சென்றவர், தனது மருந்து எதுவெனத் தெரியாமல் வீடு திரும்புவாராயின் அந்தச் சாய்தளத்தால் அவருக்குப் பாதிப் பயன்தான்.